தரையில் காய்ந்த மிளகாய்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரும் ஓட்டமுமாக இருக்கிறேன். இடது காது மட்டும் வழக்கம்போல நிரந்தர விடுமுறையில். உன் வயிறு எப்படி இருக்கிறது? உன்னை அந்தத் தூரத்துச் சிறைக்கு மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது, உன் முகம் பார்த்தும் ஒன்றரை வருஷம். இரண்டு ரயில் மாறி வர எனக்கு லீவு கிடைக்காது. வேலைக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதையும் மறந்திருப்பாய். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்து வாங்கும் சலவைக்கூடம். காலை எட்டுக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு வெந்து வெளியே வருவேன். ஆனால் என் கையில் என் சம்பளம். சிரிக்காதே.

ஒரு சேதி. உன்னைப் பிடித்துக்கொண்டு போன அன்று உன் சட்டையை என்னிடம் கொடுத்தார்கள் இல்லையா? ரத்தக் கறை போகவே இல்லை. ஆனால் பையில் ஒரு பொட்டலம் விதை இருந்தது. மில்லில் நல்ல காயாகப் பார்த்து நீ பொறுக்கி வைத்த குண்டு மிளகாய். இவ்வளவு நாள் கழித்து எங்கே முளைக்கப் போகிறது என்று மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் போட்டோம். பாதி முளைத்துவிட்டது. இப்போது இருபத்திரண்டு செடி. காய் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. காயவைத்து உனக்கு அனுப்பப் போகிறேன். வத்தல் போடுவதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மிளகாய் மில்லில் எட்டு வருஷம் தரம் பிரித்தவன் நீ, சொல்லிக்கொடு.

என் வீட்டுக்காரர், உன் மாமா, நன்றாக இருக்கிறார். கை நீட்டுவதில்லை. உன்னை நினைத்தால்தான் எனக்குப் பயம். அக்டோபர் ஒன்பதாம் தேதி வெளியே வருகிறாய். அன்றைக்கு அவரை என்ன செய்வேன் என்று கோர்ட் வாசலில் எல்லார் காதிலும் விழும்படி கத்தினாயே, அதைச் செய்யமாட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

உன் வரிக்காகக் காத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கத்தரி முதலில் படித்தார், மிச்சத்தை நான் படித்தேன். கத்தரி என்றால் இங்கே கடிதம் பார்க்கும் அதிகாரி. பிடிக்காத வரியை வெட்டிவிடுவார். உன்னுடையதில் ஒன்றும் வெட்டவில்லை, நீதான் பொய்யைக்கூட அழகாக மடித்து வைப்பவள் ஆயிற்றே.

நான் நன்றாகவே இருக்கிறேன். சமையல் கட்டில் போட்டிருக்கிறார்கள். அறுநூறு பேருக்குக் காய் வேகவைத்த தண்ணீர். உப்பு உண்டு, உறைப்பு கிடையாது. போன வாரம் வரிசையில் ஒருத்தன் என் தட்டில் துப்பினான். அவன் பிடரியைப் பிடித்து, முகத்தைக் கொதிக்கிற அண்டாவுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி வைத்தேன். ஆவியிலேயே இமை வெந்துவிட்டது. அதற்குத் தண்டனையாக வெளியே போகும்வரை போன் பேசும் சலுகை போச்சு. இனி கடிதம்தான்.

மிளகாய் அனுப்பு. பொடியாக அனுப்பாதே, கண்ணில் தூவுவார்கள் என்று வாசலிலேயே பறித்துக்கொள்வார்கள். முழு வத்தல் ஒரு கைப்பிடி விடுவார்கள். முறை இதுதான். முழுசாகச் சிவந்ததை மட்டும் காம்போடு பறி. காம்பைக் கிள்ளினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் சாக்கில் மூடி வை, நிறம் ஒன்றுபோல ஆகும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பு. காலை பதினொன்றுக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்றுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடு. பனி இறங்கும் முன் அள்ளி மூடிவிடு. குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும்.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். என் வருத்தம் வேறு. கம்பி கையில் இருந்தும் அந்த ஆளின் ஒரு முட்டியோடு நிறுத்தினேன் பார், அதுதான் நான் செய்த தப்பு.

உறைப்புக்கு ஏங்கும்,
உன் தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? யாரையும் ஆவியில் வேகவைக்காமல் இருக்கிறாயா? நான் நலம்தான். சலவைக்கூடத்தில் என்னை இரண்டாம் உருளைக்கு ஏற்றிவிட்டார்கள். மேற்பார்வைக்காரி "உன் கைய பாத்தா உருளையே பயப்படுது"ங்கிறாள்.

இதோ முதல் வத்தல். உன் முறைப்படி காம்போடு பறித்து, மூடி வைத்து, மாடியில் பரப்பி, பதினொன்றுக்கும் மூன்றுக்கும் புரட்டி, எல்லாம் ஆயிற்று. கையெல்லாம் எரிகிறது. தெரியாமல் கண்ணைத் தேய்த்து ஒரு நாள் பூராவும் அழுகை. பார்த்தவர்கள் வீட்டில் என்ன சண்டையோ என்று நினைத்திருப்பார்கள்.

நான் கேட்ட வரியை நீ எழுதவில்லை. சரி, மிளகாயைத் தின்றுவிட்டு எழுது. காரம் ஏறினாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம்.

மாமா நலம்.

எரியும் கையோடு,
அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. மிளகாய் சொல்லிவிட்டது.

பொட்டலத்தைக் கொட்டி எண்ணினேன். எண்பத்து மூன்று. அதில் நாற்பது நல்லது, இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. மிச்சம் நாற்பத்து மூன்றும் ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, மறுபக்கம் கருத்துக் கிடக்கிறது. மில்லில் இதற்குச் சண்டு என்று பேர். எப்போது சண்டு விழும் தெரியுமா? பரப்பியவர் ஐந்தாறு நாள் புரட்டாமல் விட்டால். எட்டு வருஷம் இதைத்தான் பார்த்தேன் அக்கா. வியாபாரி ஆயிரம் கதை சொல்லுவான், சரக்கு உண்மையைச் சொல்லும்.

அந்த ஐந்தாறு நாள் ஏன் மாடி ஏறவில்லை? இந்த முறை எது, காலா, விலாவா? பதினோரு வருஷம் உன் கதைகளைக் கேட்டவன் நான். கதவு இடித்தது, படி வழுக்கியது, குளியலறைத் தரை சரியில்லை. காதில் ரத்தம் வழிய நின்றபோதும் "கதவுடா" என்றாய். அப்படி உலகத்தில் எந்த வீட்டுக் கதவுக்கும் இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கண் மண் தெரியவில்லை. பக்கத்தில் நின்று "என்னடா அக்கா அனுப்புன லவ் லெட்டரா?" என்று சிரித்தவன் வாயில் கரண்டியைக் கொண்டு அடித்தேன். மூன்று பல். இன்று தனியறைக்குக் கொண்டுபோகிறார்கள், நாற்பது நாள். நல்லதுதான், அங்கே நாள் எண்ணுவது சுலபம்.

எண்ணிக்கொண்டிருக்கும்,
தம்பி

மே 2

தம்பிக்கு,

நீ தனியறையில் இருக்கிறாய் என்றால் இது எப்போது உன் கைக்கு வருமோ. உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்குக் காய்ச்சல், வேறொன்றும் இல்லை. ஐந்து நாள் படுக்கை. அதனால்தான் மிளகாய் வெளுத்துப்போனது. போதுமா? யாரோ ஒருத்தனின் பல்லைப் பெயர்த்துவிட்டு அக்காமேல் பாசம் என்று எழுதுகிறாயே, அந்தப் பையனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்டா.

மாமாமீது உனக்கு இருக்கிற கோபம் எனக்கு இல்லையா? உன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அடி வாங்கினவள் நான். ஆனால் அவர் கை ஓங்கி மூன்று வருஷம் ஆகிறது. நீ முட்டியை உடைத்த பிறகு பஸ்ஸில் கிளட்ச் மிதிக்க முடியாமல் வேலையும் போய், வீட்டோடு கிடக்கிறார். குடியும் இல்லை. நம்பினால் நம்பு.

உன் பிடிவாதத்தைக் கண்டு நடுங்கும்,
அக்கா

மே 30

தம்பிக்கு,

நாற்பது நாள் முடிந்திருக்குமே, நலமாக வெளியே வந்தாயா? பதிலே இல்லாததால் தினமும் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

இத்துடன் இரண்டாவது வத்தல். ஒவ்வொன்றாகப் பார், ஒன்றுகூட வெளுப்பு கிடையாது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இனியாவது நிம்மதியாக இரு.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

உடம்பு பத்து கிலோ இறங்கியிருக்கிறது, மற்றபடி உயிர் இருக்கிறது.

இது கடை மிளகாய்.

என்னிடமேவா அக்கா? பளபளப்புக்கு எண்ணெய் தடவியிருக்கிறான். மூட்டையின் அடியில் நசுங்கித் தட்டையாகியிருக்கிறது. என் விதையில் வந்த காய்க்குத் தோள் உருண்டு இருக்கும், இதற்குத் தோளே இல்லை. கடைக்குப் போய் வாங்கி, காகிதம் மாற்றிக் கட்டி, "சாட்சி" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். அப்படியென்றால் இந்தத் தடவை மாடிக்குப் போகவே முடியவில்லை. அல்லது வாளிகளை அந்த ஆள் உடைத்துவிட்டான். இனி நான் உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.

இங்கே சம்மட்டி என்று ஒருத்தன் இருக்கிறான். கட்டடம் இடிக்கிற வேலைக்காரன், அதனால் அந்தப் பேர். அவன் கழுத்தில் இறங்க வேண்டிய கம்பியை ஒருமுறை நான் உள்ளங்கையில் வாங்கினேன். அதிலிருந்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். ஜூலை பத்தாம் தேதி விடுதலையாகிறான். முதலில் தன் வீட்டுக்குப் போய்விட்டு, அந்த வாரத்துக்குள் உன்னை வந்து பார்ப்பான். நலம் விசாரித்துவிட்டுப் போவான். மரியாதையான ஆள்தான். தண்ணீர் கொடு.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு. பத்து கிலோ என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டிக்கொண்டேன். சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இனி பொய் இல்லை. கத்தரி ஐயாவும் படித்துக்கொள்ளட்டும்.

உன் மிளகாயைக் காயவைப்பது நான் இல்லை. உன் மாமா.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் இருந்த முறையைச் சத்தமாகப் படித்தேன். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் யார் புரட்டுவது? நான் அந்நேரம் சலவைக்கூடத்தில் நிற்கிறேன். அவர்தான், "நான் புரட்டறேன்"னார். பிறகு, "அவன்கிட்ட சொல்லாத. சொன்னா தொட மாட்டான்"னார். எனக்கும் அதே பயம்தான். அதனால் நான் செய்வதுபோல எழுதினேன்.

நீ உடைத்த முட்டி மடங்காது. குனிந்து உட்கார முடியாது. மாடியில் ஒரு பழைய கட்டில் இருக்கிறது, அதில் பரப்பியதை நின்றபடி ஒழுங்காகப் புரட்டினார். இடம் போதாமல் மிச்சத்தைத் தரையில் பரப்பினோம். அது அவர் கைக்கு எட்டவில்லை. காலால் தள்ளிப் பார்த்தார், ஒன்றும் புரளவில்லை. அதுதான் உன் நாற்பத்து மூன்று. நான் ஐந்து நாள் படுக்கவும் இல்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. கட்டிலில் காய்ந்தது சிவப்பு, தரையில் காய்ந்தது வெளுப்பு, அவ்வளவுதான். உன் கடிதம் வந்த அன்று தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "என் முட்டியத்தான் அவன் படிச்சிருக்கான்"னார். அடுத்த தடவை அத்தனையும் மழையில் அழுகிவிட்டது. உன் வாயை மூட கடைக்கு ஓடினேன். புத்தி கெட்ட வேலை.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ முட்டியை உடைத்த அன்று நான் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் நான் முடிவு பண்ணவில்லை. பண்ண வேண்டியவள் நான்.

இப்போது தரையில் புரட்ட ஒரு கருவி செய்திருக்கிறார். துடைப்பக் கம்பில் குறுக்குச் சட்டம் வைத்து ஆறு மரப்பல். நின்றபடியே புரட்டலாம். பின்பக்கம் படம் வரைந்து காட்டியிருக்கிறேன், பார்த்து வேறு ஏதாவது திருத்தம் இருந்தால் எழுது.

உன் சம்மட்டி தாராளமாக வரட்டும். மாடிக்கு அனுப்பிக் காட்டுகிறேன். நேரில் பார்த்த ஆள் சொன்னாலாவது நீ நம்புவாய் அல்லவா?

உண்மையை எழுதியதால் லேசாகிப்போன,
அக்கா

ஜூலை 14

அக்கா,

நலம் கேட்க நேரமில்லை. சம்மட்டி வந்தால் கதவைத் திறக்காதே. மாமாவை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடு. வாசலிலேயே நின்று, "தம்பி வேணாம்னு சொல்லிட்டான்" என்று சொல். "கம்பிய வாங்கின கைமேல சத்தியம்" என்று சொல், அவனுக்குப் புரியும்.

உன் ஜூன் மாதக் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. பின்பக்கம் நீ வரைந்த படத்தை ஆயுதம் என்று நினைத்துக் கத்தரி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் விசாரணை. "மிளகாய் புரட்டும் கம்பு, அனுமதிக்கலாம்" என்று முத்திரை குத்தி இன்று கொடுத்தார். அதைச் சொல்லிச் சிரித்தார் அக்கா. நானும் கூடச் சிரித்துவிட்டுப் பிறகுதான் படித்தேன்.

படித்ததும் அவர் மேசைக்கு ஓடினேன். மேசையில் போன் இருந்தது. ஒரு போன் பண்ண வேண்டும் என்று காலைப் பிடித்தேன். "உனக்குச் சலுகை இல்லடா. அவசரம்னா என்ன விஷயம்னு சொல்லு, நானே போடறேன்" என்றார். சொன்னால் அக்டோபர் போய்விடும், இன்னும் ஏழோ எட்டோ வருஷம். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கத்தரி கண்ணில் படாமல், ஒரு காவலரிடம் கொடுத்து விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அவன் சோம்பேறி, போக நாலு நாள் எடுப்பான். இது முந்திவிடும்.

இது கிடைத்ததும் கிடைத்தது என்று உடனே எழுது.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

உன் விரைவுத் தபால் ஜூலை இருபத்தொன்றாம் தேதி வந்து சேர்ந்தது. கிடைத்தது. எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன்.

சம்மட்டி பதினாறாம் தேதி வந்தான். எனக்கு அன்று வார விடுமுறை. காலை பத்தரை இருக்கும். நல்ல சட்டை, சீவிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "அண்ணன் அனுப்பிச்சாருக்கா" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். நீ சொல்லியிருந்தாயே. நீ எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் காதுக்கா?" என்றான். தொட்டுக் காட்டினேன். அவனுக்குக் கண் கலங்கியது. என்ன நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

"மாமா எங்கக்கா?"

"மேலதான், மிளகாய் புரட்டிட்டு இருக்கார். நீங்களே போய்ப் பாருங்க. பாத்துட்டு என் தம்பிக்கு எழுதுங்க. நான் டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

நான்தான் படியைக் காட்டினேன். இந்தக் கையால் காட்டினேன்.

அடுப்படியில் நிற்கும்போது மாடிப்படி எனக்கு இடது பக்கம் வரும். அந்தக் காதுதான் இல்லையே. வலது பக்கம் பால் பொங்குகிற சத்தம். அவர் கத்தியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிறது, பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவர் அடித்துச் செவிடாக்கிய காது. நான் டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று டம்ளரோடு படி ஏறும்போது அவன் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டையில் சிவப்பு. மிளகாய் என்றுதான் நினைத்தேன். "அண்ணன் சொன்னது முடிஞ்சுதுக்கா. இனி உங்கள யாரும் தொட மாட்டாங்க" என்றான். தட்டைப் பார்த்து, "டீ வேணாம், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மாடியில் அந்தக் கம்பு இரண்டாக உடைந்து கிடந்தது. நல்ல முட்டியை முதலில் உடைத்திருக்கிறான். விழுந்த பிறகு தலையைக் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறான், சுவரில் மூன்று இடத்தில் தடம். பிறகு வாயில் மிளகாயைத் திணித்து மூடிப் பிடித்திருக்கிறான், கண்ணில் தேய்த்திருக்கிறான். அது நீ சொல்லிக் கொடுத்ததா, அவனாகச் செய்ததா, எனக்குத் தெரிய வேண்டாம். நான் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன். ஒன்றை எடுத்தால் இன்னொன்று. பாதி கீழே இறங்கிவிட்டது. நுரையீரல் வெந்துபோனதுபோல இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

ஒன்பது நாள் இருந்தார். கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் ஒரே ஒரு தடவை பேச்சு வந்தது. "மேல காயறத அள்ளிட்டியா? பனி எறங்கும்" என்றார். அள்ளியாச்சு என்று பொய் சொன்னேன். இருபத்தைந்தாம் தேதி போய்விட்டார்.

நான் அழுதேனா என்று நீ நினைப்பாய். அழுதேன். யாருக்காக என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் நல்லவர் என்று நான் சொல்லவே மாட்டேன். பதினோரு வருஷம் என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் துவைக்கச் சலவைக்கூடம் கிடையாது. ஆனால் அவரை மன்னிப்பதா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா என்று முடிவு செய்கிற உரிமை என்னிடம் இருந்தது. வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். தினமும் மாலை வீட்டுக்கு வந்து, அவர் புரட்டிய மிளகாயைப் பார்த்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு யோசிப்போம் என்று தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றையும் நீ பிடுங்கிக்கொண்டாய். அவர் என் காதை எடுத்தார், நீ இதை எடுத்தாய். இரண்டு பேரும் என்மேல் உயிரையே வைத்திருந்ததாகச் சொன்னவர்கள்.

பொய் சொன்னது என் தப்புதான். காய்ச்சல் என்றதும், கடை மிளகாயும் என் தப்பு. அதை நான் சாகும்வரை சுமப்பேன். ஆனால் பதினான்காம் தேதி காலை உனக்கு எல்லாம் தெரியும். மேசையில் போன் இருந்தது. என்ன விஷயம் என்று அந்த மனிதர் கேட்டார். முழுசாக இரண்டு நாள் இருந்தது. "ஒன்றுமில்லை சார்" என்றாய். நான் பதினோரு வருஷம் கதவு என்று சொன்னதைக் கேலி செய்தாயே, நீ சொன்னதும் அதுதானே?

சம்மட்டியை நான்காம் நாளே பிடித்துவிட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. யார் அனுப்பியது என்று எவ்வளவு அடித்தும் சொல்லவில்லையாம். உன் உள்ளங்கைக்கு அவ்வளவு விசுவாசம்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். அதே அம்மாதான், காதில் ரத்தத்தோடு போனபோது "கதவு இடிச்சுதுங்க" என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டவர். அதே மாதிரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவனை அனுப்பினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். மேசைமேல் உன் கடைசி இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்திருந்தேன். கையை வைத்து மூடினேன். எடுத்தேன். மறுபடி மூடினேன்.

"என் தம்பி" என்று சொன்னேன்.

அதனால் நீ அக்டோபரில் வரப்போவதில்லை. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான் என்று எழுதினேன், அது இப்போதும் உண்மைதான்.

இத்துடன் ஒரு கைப்பிடி மிளகாய் வைத்திருக்கிறேன். அன்று தரையில் இருந்தது, அவர் விழாத பக்கம், எனக்குத் தெரியாமல் எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கே அள்ளி மூடி வைத்தது. புதுக் கம்பால் அவர் ஏழு நாள் புரட்டியது. நீதான் மிளகாயைப் படிப்பவன் ஆயிற்றே. வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார். ஒன்றுகூட வெளுக்கவில்லை.

அக்கா